குழாய்த் தண்ணீரில் வெள்ளைத் தேநீர்

ஊரே குடிக்கும் தண்ணீரை ஆபரேட்டரின் வீட்டில் மட்டும் யாரும் குடிப்பதில்லை. சிரிக்காதீர்கள், உண்மை அதுதான். மனிதர் குடிநீர் நிலையத்தில் ஷிஃப்ட் ஆபரேட்டர். ஆற்றிலிருந்து சேறும் சகதியுமாக வந்து விழுவதைத் தெளிய வைத்து, மணல் படுகையில் வடிகட்டி, குளோரின் கலந்து, குழாய் குழாயாக ஊருக்கு அனுப்புகிறவர். அப்பேர்ப்பட்டவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து "ஒரு டம்ளர் தண்ணி குடு" என்று கேட்டால், சமையலறை மூலையில் ஸ்டாண்டின் மேல் தலைகீழாக உட்கார்ந்திருக்கும் கேனிலிருந்துதான் வரும்.

அந்தக் கேன் சும்மா வந்து உட்கார்ந்துவிடவில்லை. அவர் மனைவிக்கு ஒரு தம்பி. அவன் கேன் தண்ணீர் வியாபாரம் தொடங்கியபோது, முதல் போணி அக்கா கையால்தான் ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அக்காவுக்கோ தம்பி என்றால் உயிர். "கொஞ்ச நாள் வாங்குவோம், பாவம், பொழச்சுக்கட்டும்" என்றாள். தம்பி நன்றாகவே பிழைத்துக்கொண்டான். பாதி ஊர்க் கடைகளுக்கு இன்று அவன்தான் கேன் போடுகிறான். அப்போது தவழ்ந்துகொண்டிருந்த மகள் படித்து முடித்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலைக்கே போய்விட்டாள். கேன் மட்டும் மூலையை விட்டு அசையவில்லை. சமைக்க, துவைக்க, பாத்திரம் கழுவக் குழாய்த் தண்ணீர், குடிக்கக் கேன். அது வீட்டின் சட்டமாகவே ஆகிவிட்டது.

வேண்டாம் என்று ஆபரேட்டர் ஒரு நாளும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்? "என் தண்ணியக் குடிங்க" என்று சொந்தப் பெண்டாட்டியிடம் போய்க் கெஞ்சுவதா? வீம்பு பிடித்த மனிதர். பஸ் நிலையத்தில் யாராவது குழாயடியில் குனிந்து கையேந்திக் குடித்தால், தன் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்ப்பார். குடித்து முடித்து அந்த ஆள் வாயைத் துடைத்துக்கொண்டால் இவருக்கு வயிறு நிறையும். அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். தன் வீட்டில், தன் மனைவியும் மகளும், தான் அனுப்பும் தண்ணீரை ஒரு வாய் குடிக்க வேண்டும். அதை வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

நிலையத்தில் ஒரு புகார் போன் உண்டு. தண்ணீர் கலங்கலாக வந்தாலும், வராவிட்டாலும், குழாயில் காற்று மட்டும் வந்தாலும் ஜனங்கள் அதில்தான் திட்டுவார்கள். எல்லாத் தெருவிலிருந்தும் திட்டு வரும். கூட வேலை பார்க்கும், மோட்டாரை ஓட்டும் பம்ப் டிரைவர் வாய்த்துடுக்கு பிடித்த ஆள். "ஊர் பூரா நம்மள வையறாங்க, உங்க வீட்டுலேர்ந்து மட்டும் ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்லையே சார்! அண்ணி அவ்வளவு நல்லவங்களா?" என்பார். ஆபரேட்டர் சிரித்து மழுப்புவார். குடிக்காத தண்ணீரை யார் திட்டுவார்கள்? அது அவருக்குத் தெரியும். முள் மாதிரி உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வெள்ளைத் தேநீர் வீட்டுக்கு வந்தது.

மகளுக்குத் தேயிலைப் பைத்தியம். மற்றப் பெண்கள் ஆன்லைனில் செருப்பு வாங்கினால் இவள் தேயிலை வாங்குவாள். பச்சை, பூப்போட்டது, புகை வாசனை அடிப்பது என்று அலமாரியில் டப்பாக்கள் இடித்துக்கொண்டு நிற்கும். எதை ஊற்றிக் கொடுத்தாலும் அப்பா "பால் இல்லையா?" என்று கேட்பார். இந்த முறை பார்சலைக் கத்தரி கூடத் தேடாமல் நகத்தாலேயே பிரித்தாள். பல மாதமாக அந்தக் கடைப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்து, கடைசியில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு வாங்கியது. வெளுத்த மொட்டுகள், ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய ரோமம்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி இது பஞ்சு பஞ்சா? எதுலேர்ந்து பிடுங்கினாங்க, தலகாணிலேர்ந்தா?"

"அம்மா! இது வெறும் மொட்டும்மா. இலை விரியறதுக்கு முன்னாடியே கிள்ளிக் காயவெச்சுடுவாங்க. வறுக்க மாட்டாங்க, கசக்க மாட்டாங்க. அதனாலதான் இதுக்கு இவ்ளோ மவுசு."

"கசக்காம கொள்ளாம சாறு எப்படிடி எறங்கும்?"

மகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேனிலிருந்து தண்ணீர் பிடித்து, கொதிக்க விடாமல் சுட வைத்து, மொட்டுகளின் மேல் ஊற்றி, மூடி வைத்துக் காத்திருந்தாள். மூன்று கோப்பைகளில் ஊற்றினாள். மூவரும் குடித்தார்கள்.

"சுடுதண்ணி நல்லா இருக்கு" என்றாள் அம்மா.

மகளின் முகம் சுண்டிப்போயிற்று. இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. நாக்கில் ஏதோ வருவது போல வந்து, வராமலே போய்விட்டது. "ஏமாத்திட்டாங்க. ஒரே ஒரு ஸ்டார்தான் போடப்போறேன்" என்று போனை எடுத்தவள், பெட்டிக்குள் இருந்த சீட்டைக் கடுப்போடு பிரித்தாள். வாய்விட்டுப் படித்தாள்: "இது மிக மென்மையான தேநீர். நல்ல தண்ணீரில் போடவும். தண்ணீரின் குணம் இதில் ஒளியாது."

செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த ஆபரேட்டர் செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

சரியாக அந்த நேரம் பார்த்தா மச்சான் வர வேண்டும்? தோளில் புதுக் கேன், வாயில் சீட்டி. விஷயத்தைக் கேட்டதும் கேனைத் தொப்பென்று இறக்கினான். "என் தண்ணிக்கு என்ன கொறச்சல்? இதைவிட சுத்தமான தண்ணி ஊருல எவன் கொடுக்கறான்?"

"சுத்தம்தான் மாப்ள. உசிர் இருக்கணும்ல" என்றார் ஆபரேட்டர். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பதே அவருக்குத் தெரிந்தது.

"அட்றா சக்க! உங்க தண்ணில உசிர் இருக்கோ அத்தான்?"

"இருக்கு. நாளைக்குக் காலை ஷிஃப்ட். முடிச்சு வரும்போது நான் தண்ணி கொண்டாரேன். நேரா பிளான்ட்டுலேர்ந்து. அதே டீயைப் போடுவோம். சாயங்காலம் நீயும் வா."

"வரேன். என் தண்ணில வராத ருசி உங்க தண்ணில வந்துடுச்சுன்னா, இந்தக் கேனை நானே தூக்கிட்டுப் போயிடறேன்!"

மச்சான் விளையாட்டாகச் சொன்னான். ஆபரேட்டருக்கு அது விளையாட்டாக இல்லை. அத்தனை வருஷமும் கேட்கத் தெரியாமல் நின்றவருக்கு, ஒரு டீப் பொட்டலம் வந்து கேட்க வழி செய்து கொடுத்திருக்கிறது. விடுவாரா?

மறுநாள் நிலையத்தில் அவர் பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுபோன பெரிய ஃப்ளாஸ்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மணல் படுகையைக் கழுவ இன்னும் முறை வராதபோதும், தண்ணீரை எதிர்ப்பக்கமாகப் பாய்ச்சி அழுக்கையெல்லாம் கிளப்பி வெளியேற்றினார். தொட்டி ஓரம் நின்று உற்றுப் பார்த்தார். அடியில் கிடந்த ஒரு கூழாங்கல் வரைக்கும் தெரிந்தது. தண்ணீர் மணலில் வடிந்து, குளோரின் மருந்தும் சேர்ந்து, ஊரை நோக்கிக் கிளம்பும் இடத்தில் சோதனைக்காக ஒரு சின்னக் குழாய் உண்டு. தினம் அதில்தான் அவர் தண்ணீர் குடிப்பது. அதிலிருந்து ஃப்ளாஸ்கை நிரப்பினார். உள்ளே இருப்பதில் இம்மியும் வெளியேறிவிடக் கூடாதென்று மூடியை இறுக்கித் திருகினார்.

"என்ன சார், தண்ணிய வீட்டுக்குக் கடத்தறீங்க? உங்க வீட்டுக்குத்தான் குழாய் போகுதே?" என்றார் பம்ப் டிரைவர்.

"குழாய்ல வர்றது பழசுய்யா. எங்கெங்கயோ சுத்திட்டு வரும். இது புதுசு, இப்பத்தான் பிறந்தது!"

வாயெல்லாம் பல்லாக ஃப்ளாஸ்கைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தார்.

சாயங்காலம் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். மகள் இரண்டு பாத்திரம் வைத்தாள், ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் ஃப்ளாஸ்க் தண்ணீர். இரண்டையும் ஒரே மாதிரி, கொதிக்க விடாமல் சுட வைத்தாள். மொட்டைப் போட்டாள். கேன் கோப்பை நேற்றைப் போலவே வாய் திறக்கவில்லை. அடுத்து அப்பாவின் கோப்பை.

மனைவி மூக்கருகே கொண்டுபோனவள், தலையைச் சடாரென்று பின்னுக்கு இழுத்தாள். "என்னங்க இது, நீச்சல் குளத்துல முக்கி எடுத்த மாதிரி நாறுது!"

மச்சான் ஒரு மடக்குக் குடித்தான், கண்ணை மூடினான், விழுங்கினான். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அத்தான், உசிர் இருக்குதான்! உள்ளே போன கிருமியெல்லாம் செத்துச்சு, எனக்கும் பாதி உசிர் போச்சு!"

ஆபரேட்டர் அவசரமாகத் தன் கோப்பையை முகர்ந்தார். ஒரு நாற்றமும் இல்லையே! இருக்காதுதான். அவர் மூக்கு அந்த மருந்து வாசனையோடு குடும்பம் நடத்தி வெகு காலமாகிறது. திரும்பி மகளைப் பார்த்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, முழுவதையும் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாதாம்ப்பா இருக்கு" என்றாள்.

மச்சான் சிரித்தது கூட அவருக்கு வலிக்கவில்லை. அந்த "நல்லாதாம்ப்பா" இருக்கிறதே, அதுதான் நெஞ்சில் போய்க் குத்தியது. பெண் தன் அப்பாவுக்காகப் பொய் சொல்கிறாள். தன் தண்ணீருக்கு வந்த கதியைப் பார், பரிதாபப்பட்டுக் குடிக்க வேண்டியதாயிற்று! அவர் முகத்தில் ஈயாடவில்லை. கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து, யாரையும் பார்க்காமல் கழுவத் தொடங்கினார். மச்சானின் சிரிப்பும் தானாக அடங்கிவிட்டது. கெட்டவன் இல்லை அவன்.

மனைவி பின்னாலேயே வந்து நின்றாள். ஓடும் குழாயைப் பார்த்தாள். கையில் கொஞ்சம் பிடித்து முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"ஏங்க, இதுவும் அங்கேர்ந்து வர்ற தண்ணிதானே?"

"ஆமா, வேற எங்கேர்ந்து வரும்? வானத்துலேர்ந்தா?" அவர் திரும்பவில்லை.

"என் மேல ஏன் எரிஞ்சு விழறீங்க? இத்தனை நாளா இதுலதானே அரிசி கழுவறேன், பருப்பு வேகவைக்கறேன். இதுல அந்த நாத்தம் இல்லையே, ஏன்?"

ஆபரேட்டரின் கை அப்படியே நின்றது. ஏன் என்று அவருக்குத் தெரியும். தினம் தினம் செய்கிற வேலை அதுதான். தெரிந்துகொண்டே எப்படிக் கோட்டை விட்டார்?

"நாங்க கிளப்பறப்ப மருந்து கொஞ்சம் தூக்கலாத்தான் போட்டு அனுப்புவோம்" என்றார் மெதுவாக. "வழியில எத்தனை மைல் குழாய், எத்தனை தொட்டி, எத்தனை ஒட்டு. ஒவ்வொரு இடத்துலயும் கிருமி கிட்ட மல்லுக்கட்டித்தான் அது வரணும். சண்டை போட்டுப் போட்டு மருந்து தேஞ்சுகிட்டே வரும். கடைசித் தெருவுக்கு வந்து சேர்றப்ப ஒரு பொட்டு மிச்சம் இருக்கணும். அதுக்கு மேல இருந்தா நாறும், அதுக்குக் கீழ போனா ஆபத்து. அந்தக் கணக்குக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"கடைசித் தெரு எது?"

"நம்ம தெருதான்."

மனைவி இடுப்பில் கை வைத்தாள். "அப்போ நீங்க செஞ்சு முடிச்ச தண்ணி இதோ இதுல வருது. இதை விட்டுட்டு, அரைவேக்காட்டைப் போய் ஃப்ளாஸ்குல அடைச்சுத் தூக்கிட்டு வந்திருக்கீங்க! பஸ்ஸுல மடியில வெச்சு வேற!"

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. புதுசு புதுசு என்று பெருமையடித்துக்கொண்டு, தன் வேலை முடியாத இடத்திலேயே தண்ணீரை மொண்டு வந்திருக்கிறார். உலகத்தில் வேறு எவனாவது இந்தத் தப்பைச் செய்வானா? தண்ணீர்க்காரன் ஒருவனால்தான் முடியும்.

"தள்ளுங்க" என்றாள் மனைவி. அவளே பாத்திரத்தைக் குழாயில் பிடித்தாள், அவளே அடுப்பில் வைத்தாள். மகள் ஓடிவந்து பக்கத்தில் நின்று, "கொதிக்க விடாதம்மா, கொதிக்க விடாத" என்று நச்சரித்தாள். மிச்சமிருந்த அந்தப் பொட்டு மருந்தும் சூட்டோடு பறந்திருக்க வேண்டும். மொட்டுகள் மிதந்து, ஊறி, ஒவ்வொன்றாகச் செங்குத்தாக நின்று, அடியில் இறங்கின. தண்ணீர் வைக்கோல் நிறத்துக்கு மாறியது. மூடியைத் திறந்தபோதே மகளின் புருவம் உயர்ந்தது.

முதல் கோப்பையை யாருக்கும் தராமல் மனைவியே குடித்தாள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, அவர் தண்ணீர் அவள் தொண்டையில் இறங்குகிறது.

"வெள்ளரிப் பிஞ்சு வாசனை" என்றாள். பிறகு உதட்டை நக்கினாள். "இரு இரு, இப்பத்தான் இனிப்பு வருது. சக்கரை போட்டியாடி?"

"போடலம்மா!" மகள் குதித்தாள். அவளும் குடித்தாள். இந்த முறை மூச்சை அடக்கவில்லை, நன்றாக இழுத்து முகர்ந்து, நிதானமாகக் குடித்தாள். "அப்பா, தேன் மாதிரி பின்னாடி வருதுப்பா. தொண்டைல நிக்குது. இதத்தான்ப்பா அந்தக் கடைப் பக்கத்துல எழுதியிருந்தாங்க, நான் புளுகுன்னு நெனச்சேன்!"

இந்தப் பேச்சில் பொய் இல்லை. பொய் எப்படி இருக்கும் என்று ஆபரேட்டர் சற்று முன்புதானே பார்த்தார்.

மச்சான் வாங்கிக் குடித்தான். கோப்பையைத் தட்டில் வைத்தான், எடுத்தான், காலி செய்தான். வியாபாரிதான், ஆனால் நாணயமான வியாபாரி. "ஒத்துக்கறேன் அத்தான். என் தண்ணில ஒண்ணுமே இருக்காது. ஒண்ணுமே இருக்கக் கூடாதுன்னுதான் மெஷின்ல விட்டு எல்லாத்தையும் எடுத்துடறோம். இந்த டீக்குத் துணைக்கு நிக்க அதுல என்ன இருக்கு? உங்க தண்ணில ஆறு இருக்கு." கொஞ்சம் யோசித்தான். "சொன்ன சொல்லு சொன்னதுதான். கேனை எடுத்துட்டுப் போறேன்."

"அட, விளையாட்டுக்குச் சொன்னதை விடு மாப்ள" என்றார் ஆபரேட்டர். அவருக்கே அவர் குரல் புதிதாக இருந்தது.

ஆனால் மனைவி அதற்குள் மூலைக்குப் போய்விட்டாள். கேனைத் தூக்கித் தம்பியின் தோளில் ஏற்றினாள். ஸ்டாண்டையும் மற்றக் கையில் கொடுத்தாள். "கேன் வாங்கினாலும் நீ என் தம்பி, வாங்கலன்னாலும் தம்பி. ஞாயித்துக்கெழமை வெறுங்கையோட வா, டீ குடிக்கலாம்."

"வெறுங்கையோட எப்படிக்கா அக்கா வீட்டுக்கு வர்றது?" என்று அவன் வாசலில் நின்று முறையிட்டான்.

"பிஸ்கெட் வாங்கிட்டு வா!"

கேன் இருந்த மூலையில் தரையில் ஒரு வட்டக் கறை மட்டும் மிஞ்சியது. மனைவி அங்கே ஒரு குடத்தை வைத்து, குழாய்த் தண்ணீர் பிடித்து மூடினாள். மகள் போனை எடுத்து அந்தக் கடைக்கு ஸ்டார்களை வாரி வழங்கினாள். "தண்ணீர் மிக முக்கியம். எங்கள் வீட்டில் என் அப்பாவின் தண்ணீர்" என்று எழுதி, அனுப்பும் முன் அப்பாவிடம் காட்டினாள். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற சாக்கில் அவர் வெகுநேரம் போனைத் திருப்பித் தரவில்லை. மார்தட்டிக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது. அடக்கமாக "ம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் மேற்கே நல்ல மழை. ஆறு செம்மண்ணாக வந்தது. ஆபரேட்டர் தெளிய வைக்கும் மருந்தையும் கூட்டினார், குளோரினையும் ஒரு பிடி கூட்டி வைத்தார். மறுநாள் ஆறு தெளிந்துவிட்டது. சேறு இல்லாவிட்டால் மருந்து மிஞ்சும், கூட்டியதைக் குறைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தார். பம்ப்பில் ஒரு தகராறு, அதில் மறந்தே போனார்.

மத்தியானம் புகார் போன் அடித்தது. பம்ப் டிரைவர் எடுத்தார். "ஆமாங்க... சொல்லுங்க... டீயா? டீல என்ன?" கேட்டுக்கொண்டே வந்தவரின் முகம் மாறியது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "சார், யாரோ ஒரு அம்மா. டீ நேத்து மாதிரி இல்லையாம், மருந்து தூக்கலாம். எவன் டூட்டில இருக்கான்னு கேக்கறாங்க" என்றார்.

ஆபரேட்டர் ரிசீவரை வாங்கினார். குரலைக் கேட்டதும் தூக்கிவாரிப்போட்டது. கேட்கவே வேண்டாம், ஆயிரம் குரலில் அந்தக் குரலைக் கண்டுபிடிப்பார்.

"குடிக்கற தண்ணிய இப்படியா அனுப்புவீங்க? வாய்ல வைக்க முடியல! வெள்ளரி வாசனையும் காணோம், ஒண்ணும் காணோம். ஊரு ஜனங்க குடிக்கறதா வேண்டாமா?"

அவர் நிமிர்ந்து நின்றார். சட்டையைக் கூட ஒரு கையால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எந்தத் தெருங்க?" என்று கேட்டார்.

"எந்தத் தெருவா? கடைசித் தெரு! விளையாடறீங்களா?"

"புகாரைப் பதிவு பண்ணிக்கறேங்க. உடனே பாக்கறேங்க" என்று சொல்லி, ரிசீவரை மெதுவாக வைத்தார். நேரே போய்ச் சோதனைக் கண்ணாடியில் தண்ணீர் பிடித்து, குளோரின் அளவைக் காட்டும் திரவத்தைச் சொட்டு விட்டார். வழக்கத்தைவிட ஒரு சாயல் கூடுதலாகவே மஞ்சளித்தது. அவள் சொன்னது சரி. குளோரினைக் குறைத்தார், மறுபடி சோதித்தார், திருப்தியானார்.

பிறகு பம்ப் அறை வாசலுக்கு வந்து, அந்த இரைச்சலையும் மீறிக் கத்தினார்.

"யோவ்! எங்க வீட்டுலேர்ந்து கம்ப்ளெயின்ட் வந்திருக்குய்யா!"